இன்னும் ஓராண்டு

மாலை ஆறு மணிக்கு மூவேளைச் செபத்தின் மணி ஒலிக்கும் வேளையில், கோயில் மதிலுக்கு அப்பால் நின்ற தூங்குமூஞ்சி மரம் தன் இலைகளை மூடிக்கொள்ளும். மணியோசை கேட்டு மரம் கைகூப்புகிறது என்று மறைக்கல்வி வகுப்புச் சிறுவர்களிடம் நாம் சொல்வதுண்டு. ஒளி குறைந்தால் இலை மடிவது அம்மரத்தின் இயல்பு. மழை மேகம் திரண்டால் நண்பகலிலும் மடியும். ஆயினும் சிறுவர்கள் நம் விளக்கத்தையே விரும்பினர். நாமும் அதைத் திருத்த முயலவில்லை.

காவிரிப் படுகையின் கடைக்கோடியில், கடலிலிருந்து அதிகத் தொலைவில்லாத அந்தச் சிறு நகரில் நாம் பங்குத் தந்தையாகப் பொறுப்பேற்றது 2013ஆம் ஆண்டு. கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் இடையில் நகராட்சிப் பூங்கா. இரண்டு ஏக்கரும் முழுதாகத் தேறாது. அதில் பெரிய மரங்கள் 23. தூங்குமூஞ்சி, மயில்கொன்றை, வேம்பு, புங்கம், ஒரு வாதாமரம். பூக்கட்டும் பெண்கள், காவலர் தேர்வுக்கு ஓடிப் பழகும் இளைஞர், வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வந்து அமரும் இசுலாமியப் பெரியவர்கள், வீட்டில் இடமில்லாமல் பாடம் படிக்க வரும் பிள்ளைகள் என எல்லாரும் அந்த நிழலுக்கு உரிமையாளர். நிழலுக்குத்தான். மரத்திற்கு உரிமையாளர் எவர் என்று எவரும் கேட்டதில்லை. நாமும் கேட்டதில்லை, 2014ஆம் ஆண்டின் திருவிழா வரும்வரை.

அவ்வாண்டு பங்குப் பேரவையில் ஒரு குறை எழுந்தது. முந்தைய ஆண்டு சப்பரம் பூங்காவை ஒட்டிய தெருவில் திரும்பியபோது, உச்சியிலிருந்த மகுடம் தூங்குமூஞ்சியின் கிளையில் உரசி வண்ணத்தாள் கிழிந்துவிட்டதாம். இம்முறை கிளையை வெட்டியே ஆகவேண்டும் என்றனர். நியாயமாகவே பட்டது. பங்கின் முத்திரையிட்டு நகராட்சிக்கு ஒரு கடிதம் எழுதினோம். ஒப்பந்தக்காரர் அனுப்பிய இருவர் எந்திர ரம்பத்துடன் வந்தனர். கிளை ஒரு மனிதனின் இடுப்பளவு பருமன். மேலிருந்து ஒரே அறுப்பு. பாதி அறுபடும் முன்னே கிளை தன் பாரம் தாங்காமல் முறிந்து, அடிமரத்தின் பட்டையை ஒரு கை நீளத்திற்கு உரித்துக்கொண்டு விழுந்தது. உரிந்த இடம் வெளிறித் தெரிந்தது. பார்க்கச் சற்றே சங்கடமாக இருந்ததால், தார் வாங்கிப் பூசச் சொல்லிப் பணம் கொடுத்தோம், தேநீருக்கும் சேர்த்து. அன்றிரவு சப்பரம் தடையின்றிச் சென்றது. மறுநாள் மறையுரையின் முடிவில் நகராட்சிக்கு நன்றியும் கூறினோம்.

2018 நவம்பர் 15ஆம் நாள் இரவு, கஜா புயலுக்காகக் கோயில் பள்ளியைத் திறந்துவிட்டோம். பாயும் போர்வையுமாக மக்கள் வந்தனர். பூங்காக் காவலர் மட்டும் தம் குடிசையை விட்டு வர மறுத்தார். உபதேசியார் இருமுறை சென்று கெஞ்சி, மூன்றாம் முறை கையைப் பிடித்து இழுத்தே வந்துவிட்டார். நள்ளிரவு கடந்து, 16ஆம் நாள் பிறந்த பின், நாகைக்கும் வேதாரண்யத்திற்கும் இடையே புயல் கரையேறியது. அந்த ஓசையை விவரிக்க நாம் முயலப்போவதில்லை. படுகையில் அவ்விரவைக் கடந்தவர்க்கு விவரிக்கத் தேவையில்லை.

விடிந்தபோது 23 மரங்களில் 14 கிடந்தன. செபமணிக்கு இலை மூடும் மரம் காவலரின் குடிசைமேல் கிடந்தது. உள்ளே இருந்த இரும்புக் கட்டில் நடுவில் மடிந்து, இரு முனையும் மேல்நோக்கி நின்றது. காவலர் அதைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றார். பிறகு உபதேசியாரைத் தேடிப் போய்விட்டார். கிழக்குத் தெருவில் ஒரு மயில்கொன்றை ஓட்டு வீட்டின்மேல் விழுந்து, உறங்கிக்கொண்டிருந்த மூதாட்டியின் இடுப்பெலும்பை முறித்திருந்தது. அவர் அதன்பின் எழுந்து நடக்கவேயில்லை.

மின்சாரம் இல்லாத அந்த வாரங்களில், நம் பங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வனக்காவலர் ஒருவர் தினமும் பூங்காவுக்கு வந்து, விழுந்த மரங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எழுபதைக் கடந்தவர். பூசையில் கடைசி வரிசையில் நிற்பவர். அதுவரை நம்மோடு பத்து வார்த்தை பேசியவர் அல்லர். ஒரு நாள் நாமே அருகில் சென்று, "என்ன ஐயா பார்க்கிறீர்கள்?" என்றோம்.

"எது எதனால விழுந்துச்சுன்னு பாக்குறேன் சாமி" என்றார்.

புயலால் என்று நினைத்திருந்த நமக்கு அவர் ஒரு பாடம் நடத்தினார். தெற்கு ஓரம் வரிசையாக நின்ற ஐந்தும் ஒரே திசையில் சாய்ந்திருந்தன. எதிர்ப்பக்கத்தில் சில ஆண்டுகளுக்கு முன் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிய பள்ளம். தோண்டியவர்கள் குறுக்கே வந்த வேர்களையெல்லாம் வெட்டிவிட்டிருந்தனர். ஆணிவேர் ஆழத்தில் சென்று மரத்தைத் தாங்குகிறது என்றே நாம் பள்ளியில் படித்திருந்தோம். வளர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பாலானவை மண்ணின் மேல்மட்டத்தில், ஒன்றரை இரண்டு அடிக்குள்ளேயே பரந்து, கிளைகளின் எல்லையையும் தாண்டி ஓடுகின்றன என்று அவர் காட்டினார். அவை கப்பலின் பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் கயிறுகளைப் போன்றவை. காற்று வரும் பக்கத்துக் கயிற்றை அறுத்துவிட்டால் மரம் எந்த நம்பிக்கையில் நிற்கும்? நடைபாதைக்குச் சிமெண்டுக் கல் பதித்த இடத்தில் இருந்த இரண்டும் அப்படியே. வேருக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். அடிமரம்வரை கல் பாவியதால் அவை பல ஆண்டுகளாக மூச்சடைத்து நின்றிருந்தன. இன்னொன்றின் அடியில், கன்றாக இருந்தபோது வைத்த இரும்புக் கூண்டு மரத்தின் சதைக்குள்ளேயே புதைந்து கிடந்தது. காவலுக்கு வைத்ததை எடுக்க எவருக்கும் நினைவு வரவில்லை.

கடைசியாக நம் தூங்குமூஞ்சியிடம் வந்தோம். மற்றவை வேரோடு சாய்ந்திருக்க, அது மட்டும் ஆளுயரத்திற்கு மேலே, தண்டின் நடுவில் முறிந்திருந்தது. முறிவின் உட்புறம் கருத்து, நனைந்த புகையிலைபோல் உதிர்ந்தது. பெரியவர் அதற்குள் முழங்கைவரை விட்டு எடுத்தார். பிறகு மேலே, பழைய தார்ப்பூச்சு இன்னும் ஒட்டியிருந்த வெட்டுவாயைக் காட்டினார்.

"இது வழியாத்தான் தண்ணி இறங்கியிருக்கு. யாரோ தெரியாம வெட்டியிருக்காங்க."

யார் என்று அவருக்குத் தெரியாது என்றே அப்போது எண்ணினோம். தெரிந்தே அப்படிச் சொன்னாரோ என்று பின்னர் பலமுறை ஐயுற்றதுண்டு. "நான்தான்" என்று சொல்ல நமக்கு மூன்று நாள் ஆயிற்று. ஒப்புரவு அருட்சாதனத்தின் திரைக்கு மறுபக்கம் எவ்வளவு கடினமான இடம் என்பதை நாம் மறந்திருந்தோம். அவர் கேட்டுவிட்டு, "கஜா அதையும் தள்ளியிருக்கலாம் சாமி, சொல்ல முடியாது" என்றார். ஆறுதலுக்காகச் சொன்னதன்று, உண்மையும் அதுவே. ஆயினும் அது முறிந்த இடம் நம் கடிதத்தால் வந்த இடம்.

கிளையை எப்படி வெட்டவேண்டும் என்பதை அவரிடமே கற்றோம். கிளை தண்டோடு சேருமிடத்தில் மடிப்பு மடிப்பாகச் சற்றுப் பருத்த ஒரு வளையம் இருக்கிறது. அதை அவர் 'கழுத்து' என்பார். பெரிய கிளையானால் முதல் அறுப்பு கீழிருந்து, தண்டிலிருந்து ஓரடி தள்ளி, கால்பங்கு ஆழத்திற்கு மட்டும். இரண்டாவது, அதற்குச் சற்று வெளியே, மேலிருந்து. கிளை விழும், பட்டை உரியாது. எஞ்சிய முண்டைக் கழுத்துக்கு வெளியே, கழுத்தைத் தொடாமல் அறுக்கவேண்டும். தண்டோடு ஒட்ட வெட்டினாலும் தவறு. முண்டாக நீட்டி விட்டாலும் தவறு. கழுத்தில்தான் மரத்தின் தற்காப்பு இருக்கிறது. தார் எதற்கும் உதவாது. ஈரத்தை உள்ளே அடைத்துப் பூஞ்சைக்குப் போர்வை போர்த்துவது அது.

இவை அந்தப் பெரியவரின் கைப்பழக்கம் மட்டுமன்று. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ என்னும் அறிஞர், ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்து, 1977இல் சக ஆய்வாளர் ஒருவரோடு வெளியிட்ட நூலில் இதை விளக்கியிருக்கிறார். நம் உடலில் காயம் ஆறும்போது புதிய சதை பழையதன் இடத்தைப் பிடிக்கிறது. மரத்திற்கு அது இயலாது. காயம்பட்ட பகுதியைச் சுற்றி அது உள்ளுக்குள் சுவர் எழுப்புகிறது. அழுகலை அச்சுவருக்குள் அடைத்துவிட்டு, வெளியே புதிய ஆண்டின் வளையத்தை வளர்த்துக்கொள்கிறது. அதாவது மரம் எந்தக் காயத்தையும் ஆற்றுவதில்லை, தன்னுள் மூடி வைத்துக்கொண்டே வாழ்கிறது. நம் பங்கில் எத்தனையோ குடும்பங்களின் வாழ்வு அப்படிப்பட்டதே என்று நமக்குத் தோன்றியது. அது இங்கே வேண்டாம்.

டிசம்பரில் ஒரு மனு வந்தது. எஞ்சியிருக்கும் ஒன்பது மரங்களையும் வெட்டிவிடுமாறு நகராட்சியைக் கேட்டு, கிழக்குத் தெருவினர் எழுதியது. முதல் கையெழுத்து, இடுப்பு முறிந்த மூதாட்டியின் மருமகளுடையது. இரண்டாவது கையெழுத்து நம்முடையதாக இருக்கவேண்டும் என்று கொண்டுவந்தார். அவர் வீட்டின்மேல் இன்னும் ஒரு வேம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

நிழலைப் பற்றியும், பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் நாம் பேசத் தொடங்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மரம் உங்களுக்கு நிழலு சாமி. எங்களுக்கு அது தலைக்கு மேல தொங்குற கல்லு. என் மாமியா படுத்த படுக்கையா கெடக்கு. நீங்க ராத்திரி ஓட்டுக்குக் கீழயா படுக்குறீங்க?"

பங்கு இல்லம் காங்கிரீட் கட்டடம். நமக்கு விடை இல்லை. மரத்தை நேசிப்பவர்கள் பலரும் மரத்திற்கு அடியில் குடியிருப்பவர்கள் அல்லர் என்பதை அன்று அறிந்தோம். மனுவை ஒரு வாரம் வைத்திருக்க அனுமதி கேட்டோம்.

அவ்வாரத்தில் குருமட நாட்கள் அடிக்கடி நினைவுக்கு வந்தன. தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரத்தில், மனிதனைத் தோட்டத்தில் வைத்ததன் நோக்கமாக இரு வினைகள் வருகின்றன. எபிரேயத்தில் முதல் வினைக்குப் பணிவிடை செய்தல் என்றும் பொருள் உண்டு. இரண்டாவது காத்தல், விழித்திருத்தல். பேராசிரியர் இதை விளக்கியபோது நாம் குறிப்பெடுத்து, தேர்விலும் எழுதி, நல்ல மதிப்பெண் பெற்றோம். பின்னர் லூக்காவின் பதின்மூன்றாம் அதிகாரத்து அத்திமரம். கனி தராத மரத்தை வெட்டச் சொல்கிறார் உரிமையாளர். இன்னும் ஓராண்டு கேட்கிறார் தோட்டக்காரர். இரக்கத்தின் உவமையாகவே பலமுறை இதை மறையுரையில் கூறியிருக்கிறோம். இம்முறை படித்தபோது கண்ணில் பட்டவை மண்வெட்டியும் எருவுமே. அந்தத் தோட்டக்காரர் வெறுமனே தவணை கேட்கவில்லை. சுற்றிக் கொத்தி உரமிடுவதாக வேலையை ஏற்கிறார். அதற்கும் பயன் இல்லையேல் வெட்டிவிடலாம் என்று ஒப்புக்கொள்ளவும் செய்கிறார். அடுத்த ஆண்டு என்ன நடந்தது என்பதை லூக்கா எழுதவில்லை.

பெரியவரிடம் சென்று, ஒன்பதையும் பரிசோதித்துத் தர இயலுமா என்று கேட்டோம். மரச் சுத்தி ஒன்றுடன் வந்தார். ஒவ்வொரு மரத்தையும் சுற்றி வந்து தட்டிக் காதுகொடுத்தார். அடிமண்ணை விலக்கினார். அடிப்பக்கத்தில் காளான் முளைத்திருக்கிறதா, மண் ஒருபுறம் வெடித்து உயர்ந்திருக்கிறதா, கவடுகளில் பிளவு தெரிகிறதா என்று பார்த்தார். இரண்டு நாள் ஆயிற்று. இரண்டு மயில்கொன்றைகளைக் காட்டி, "இது ரெண்டும் போகட்டும்" என்றார். ஒன்றின் அடியில் தட்டுத் தட்டாகக் காளான். மற்றொன்று ஏற்கெனவே சாய்ந்து நின்றது. அவற்றை வெட்டியதில் நமக்கு வருத்தம் உண்டு, தயக்கம் இல்லை. கல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் சிப்பூர் தாவரவியல் பூங்காவின் பேராலமரத்தில் பூஞ்சை தாக்கிய மூல அடிமரத்தையே 1925இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். விழுதுகளின் மேல் அம்மரம் அதன் பின்னும் படர்ந்துகொண்டே வந்திருக்கிறது. வெட்டுவதே பாவம் என்பாரும், வெட்டிவிட்டால் தீர்ந்தது என்பாரும் ஒரே சோம்பலின் இரு பிள்ளைகள் என்பது நம் எண்ணம்.

வீட்டின்மேல் நீட்டிய வேம்பு திடமாக இருந்தது. நீண்டிருந்த கிளையை மட்டும் குறைக்கவேண்டும் என்றார். நகராட்சியின் அனுமதி பெற்று, கயிறு கட்டி, மூன்று அறுப்பாக, கழுத்துக்கு வெளியே இறக்கினார்கள். கீழே நின்று அந்தப் பெண்மணி பார்த்தார். மனுவைத் திரும்பப் பெறவில்லை; மீண்டும் கொண்டுவரவும் இல்லை.

எஞ்சிய ஏழுக்கும் வேலை இருந்தது. பங்கு இளைஞர்கள் அடிமரங்களைச் சுற்றிக் கல்லையும் சிமெண்டையும் பெயர்த்தனர். சருகைக் கூட்டி எரிக்கும் வழக்கத்தை நிறுத்தி, அதையே அடியில் பரப்பினர்; தண்டில் படாமல் ஒரு சாண் விட்டு. பிறகு ஆணிகள். ஒரே புங்கமரத்திலிருந்து பால்பொடி டப்பா நிறைய ஆணி கிடைத்தது. பட்டை விழுங்கிவிட்டவற்றைத் தோண்டவேண்டாம், அது மேலும் காயமாக்கும் என்று பெரியவர் தடுத்தார். பிடுங்கியவற்றில் சிலவற்றின் தலையில் தகரத் துண்டுகள் ஒட்டியிருந்தன. அரசியல் கட்சிகள், தனிப்பயிற்சி நிலையங்கள், அவற்றோடு நம் கோயில் திருவிழாவின் அறிவிப்புப் பலகையும். ஒரு வேம்பில் கம்பி ஒன்று தண்டைச் சுற்றி இறுகிச் சதைக்குள் போயிருந்தது. இலை சமைத்த உணவு பட்டையின் உட்புறம் வழியாகவே வேருக்கு இறங்குகிறது. முழுச்சுற்றாக இறுக்கினால் மரம் பட்டினியில் சாகும். அது நம் திருவிழா விளக்குச் சரத்தைக் கட்டிய கம்பி. கோயில் அலுவலகத்தில் அதன் மீதிச் சுருள் இன்னும் இருந்தது.

2019 மே மாதம் சப்பரத்தின் உயரம் மறுபடியும் பேரவைக்கு வந்தது. தெருவில் இன்னொரு கிளை தாழ்ந்திருந்தது. மகுடத்தை இரண்டடி குறைப்போம் என்றோம். புனிதரின் மகுடத்தைக் குறைக்க எந்தச் சாமியாருக்கும் உரிமையில்லை என்று ஒரு மூத்த உறுப்பினர் எழுந்து வெளியே போய்விட்டார். அவர் கோபத்திலும் பொருள் இருந்தது. அவருடைய தந்தை செய்த சப்பரம் அது. இரண்டு நாள் கழித்து அவரே ஒரு தச்சரோடு வந்து, மகுடத்திற்குக் கீல் வைத்து மடக்கும்படி செய்துவிட்டார். பூங்காத் தெருவில் திரும்பும்போது ஒருவர் மேலே ஏறி மகுடத்தைத் தாழ்த்த, கடந்ததும் நிமிர்த்த வேண்டும். அதற்கென்றே இப்போது ஒரு வெடி வைக்கிறார்கள்.

நாட்டில் மரம் நடுவதற்கு விழா உண்டு. 1950இல் கே. எம். முன்ஷி வன மகோத்சவத்தைத் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு சூலையிலும் நடுகிறோம். 2022இல் தமிழக அரசு தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் வனம், மரப்பரப்பை 33 விழுக்காடாக்க முனைகிறது. நல்லதே. முதல் பூசைக்கு ஊர் திரண்டு வரும். ஆண்டுதோறும் நாள்பூசைக்கு வருவோர் நால்வர். மரத்திற்கும் அப்படியே. கஜாவுக்குப் பின் நம் பூங்காவிலும் பலர் வந்து நட்டார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். ஓரிடத்தில் நாலடி இடைவெளியில் மூன்று ஆலங்கன்றுகள்! அவற்றைப் பிடுங்கி ஏரிக்கரைக்கு மாற்ற நேர்ந்தது. பெரியவர் புன்னை, பூவரசு, புங்கம், நீர்மருது என இடம் பார்த்து ஒன்பது கன்றுகளை மட்டும் வைத்தார். ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு மரத்திற்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஆடிக் காற்றுக்கு முன்பும் ஐப்பசி மழைக்கு முன்பும் பார்த்ததை எழுதிவந்தார். நோட்டு கோயில் அலுவலகத்தில், திருமுழுக்குப் பதிவேடு இருக்கும் அலமாரியிலேயே இருந்தது.

2021இல் நமக்கு மாற்றல் வந்தது. அவ்வாண்டுக் கொரோனா அலையில் பெரியவர் இறந்தார். அடக்கத்திற்கு நால்வருக்கு மேல் அனுமதி இல்லை.

சென்ற திருவிழாவிற்கு மறையுரையாற்ற அழைத்திருந்தனர். மாலையில் பூங்காவுக்குள் நடந்தோம். நோட்டு இப்போது இரண்டாவது நாற்பது பக்கத்தில் இருக்கிறது. பெரியவரோடு ஆணி பிடுங்கிய பையன்களில் ஒருவன் எழுதுகிறான். கையெழுத்து மோசம். கிழக்குத் தெருவில் அந்தப் பெண்மணி வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தார். மாமியார் இறந்து மூன்று ஆண்டு ஆயிற்றாம். வேம்பின் பழைய வெட்டுவாயை அண்ணாந்து பார்த்தோம். சுற்றிலும் பட்டை உருண்டு வந்து, நடுவில் கட்டைவிரல் நுழையும் அளவே திறந்திருந்தது.

"இப்பப் பயம் போயிட்டதா?" என்று கேட்டோம்.

"எங்க சாமி போவும்? நிவர் புயல் அன்னைக்கும் புள்ளைகளைத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் வந்தேன். காத்தடிச்சா இன்னமும் முழிச்சிக்கிட்டுத்தான் இருப்பேன். ஆடி பொறக்குறதுக்கு முன்னாடி அந்தப் பயலைக் கூப்புட்டு ஏறிப் பாருடான்னு சொல்லிடுவேன். இந்த வருசம் இன்னும் வரல. நீங்க கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க."

மணி அடித்தது. தூங்குமூஞ்சி நின்ற இடத்தில் இப்போது ஒரு புன்னை நிற்கிறது. அதன் இலைகள் மூடுவதில்லை. பையனைத் தேடிப் போனோம்.